பிரெய்டு லைன் ஸ்பூலில் வழுக்கினால்

மீன்பிடி ரீலில் டிராக்கை (லைன் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை) முழுக்க இறுக்கியும் லைன் ஓடுகிறதா? டிராக்கைக் கழற்றாதீர்கள். வழவழப்பான பிரெய்டு லைன் (இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்), பிடிமானம் இல்லாமல் ஸ்பூலின் (நூல் சுற்றும் உருளையின்) மேல் மொத்தமாகச் சுழல்கிறது. முழுவதையும் அவிழ்த்து, அடியில் பத்துச் சுற்று மோனோ நைலான் (ஒற்றை இழை நூல்) ஏற்றி, இரட்டை யூனி முடிச்சால் பிரெய்டைச் சேர்த்ததும் எனக்குச் சரியானது. ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள். தளர்வாக ஏறினால் மேல்சுற்று கீழே புதைந்து, வீசும்போது சிக்கும். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள்.

கரையோரக் கடலுக்கு 3000 அளவு ரீலில் 15–20 பவுண்டு தாங்கும் எட்டு இழை பிரெய்டு என் தேர்வு: தூரம் போகும், தூண்டில் கோலின் வளையங்களில் சத்தம் குறைவு. சிப்பி ஒட்டிய பாறைப்பக்கம் என்றால் நான்கு இழையே உரசலைத் தாங்கும். அங்கேயும் ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் லீடர் (பிரெய்டின் நுனியில், முள்ளுக்கு முன் கட்டும் நூல்) கட்டாயம். வீசியதும் பெயிலை (ரீலில் லைனைப் பிடிக்கும் வளைந்த கம்பியை) கையால் மூடி, லைனைச் சற்று இழுத்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.