பல்கலைக்கழக நூலகத்தின் கூட்டு மின்னாவணத் தொகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வட ஆற்காடு ஜில்லா எல்லைக்குள் எத்தனை விதமான ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அரபிக் கல்லூரிகளில் அரபி, பாரசீகம், உருது, அரபுத்தமிழ் நூல்கள். அமெரிக்க ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகளிலும் பள்ளிகளிலும் பதிவேடுகள். போளூர், வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் ஓலைச்சுவடிகள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளின் பேரேடுகள். செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களின் நோட்டுகளும் கேசட்டுகளும். இவற்றில் எதுவும் பல்கலைக்கழக நூலகத்தின் சொத்து அல்ல. ஆகவே வேலூரிலோ காட்பாடியிலோ இருக்கும் நூலகம் ஒன்று இவற்றை மின்னாவணமாக்க நினைத்தால், வைத்திருப்பவர்களோடு கூட்டுச் சேர்ந்துதான் ஆகவேண்டும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் ஸ்கேனரால் கெடுவது அபூர்வம். வேலை நடக்கும் வரிசையில்தான் கெடுகின்றன. முதலில் படம் எடுப்பது, பிறகு பட்டியல் போடுவது, கடைசியில் அனுமதி கேட்பது என்று போனால் மூன்றையும் மறுபடி செய்ய நேரும். அனுமதி, பட்டியல், படம் என்பதே சரியான வரிசை.

"வாங்க, எடுத்துக்குங்க" என்றால் அது அனுமதி ஆகாது

பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியோ, தலைமையாசிரியரோ, வீட்டுப் பெரியவரோ மனமுவந்து சொல்லும் வாய்வார்த்தை ஸ்கேன் செய்யும் இடத்துக்குள் நுழையப் போதும். இணையத்தில் வெளியிட அது போதாது. பொருளை வைத்திருப்பவர் வேறு, பதிப்புரிமை உள்ளவர் வேறு. ஒரு கடிதக் கட்டு பேரனிடம் இருக்கலாம். அதன் உரிமை எழுதியவரின் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. ஒரு பேரன் கையெழுத்துப் போட்ட பிறகு வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு பேத்தி ஆட்சேபித்தால், தொகுப்பையே இறக்கிவைக்க வேண்டிவரும். வாரிசுகள் யார் யார் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். 1960இல் இறந்தவரின் நூலுக்கு 2020 டிசம்பர் 31 வரை. "பழைய புத்தகம்தானே" என்று அட்டையில் உள்ள அச்சு ஆண்டைப் பார்த்து முடிவெடுப்பது மிகப் பரவலான பிழை. 1930இல் அச்சான நூலின் ஆசிரியர் 1985 வரை வாழ்ந்திருக்கலாம்.

சட்டத்தின் 52ஆம் பிரிவு, லாபநோக்கில்லாத பொது நூலகம் ஒரு நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது. ஆனால் அந்த நூலின் அச்சுப்படி ஏற்கெனவே அந்த நூலகத்திடம் இருந்தாக வேண்டும். கூட்டாளியின் அலமாரியில் இருக்கும் படி உங்களுடையது அல்ல. சேமிக்கத்தான் இந்த விலக்கு. உலகத்துக்குத் திறந்துவிட அல்ல. இதை நம்பி இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்தது ஒப்பந்தத்தின் வாசகம். பெரும்பாலான புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இரண்டு பக்கம் நல்லெண்ணம் பேசி, மூன்றாம் பக்கத்தில் கையெழுத்தோடு முடிந்துவிடும். காலமும் இடமும் அதில் இருக்காது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு இங்கேதான் பிடிக்கிறது. காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய. உரிமையை முழுதாக மாற்றித் தரும்போது மட்டுமல்ல, உரிமம் தரும்போதும் இவை பொருந்தும். பல்கலைக்கழகத்தில் டெண்டர் முடிந்து ஸ்கேனர் வந்து சேரவே ஓராண்டு ஓடிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். "உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தத் தொடங்கக் கால வரம்பின்றி, நூலகத்துக்கு மட்டும் என்ற தனியுரிமை இல்லாமல்" என்ற நான்கும் ஒப்பந்தத்தில் வந்தாக வேண்டும். எழுதி முடித்ததும் பல்கலைக்கழக வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கூத்துக் கேசட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். பிரதியை எழுதியவர், ஒலிப்பதிவு செய்தவர், பாடி ஆடியவர்கள் என்று மூன்று தரப்பு உரிமை ஒரே நாடாவில் இருக்கிறது. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள். கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்த ரசிகரின் கையெழுத்து மட்டும் வாங்கி வருவது, அசல் கலைஞர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கட்டை அவிழ்க்கும் அவசரம்

ஓலைச்சுவடியைக் கண்டதும் கயிற்றை உருவி ஓலைகளைப் பிரித்து அடுக்குவது, பின்னால் சரிசெய்யவே முடியாத தவறு. அவிழ்ப்பதற்கு முன் கட்டை நான்கு பக்கமும் படமெடுங்கள். மேல்கீழ்ப் பலகைகள், கயிற்றின் முடிச்சு, செருகியிருக்கும் சீட்டு எல்லாம் படத்தில் வரட்டும். பிறகு ஓலைகளை எண்ணுங்கள். உதிர்ந்த நறுக்குகளைத் தனி உறையிலிட்டு, எந்த ஓலைக்கு அடுத்து கிடைத்தன என்று உறைமேல் எழுதுங்கள். ஓலையின் இடப்பக்க ஓரத்தில் தமிழ் எண்ணில் வரிசை இருக்கும். ௰, ௱ படிக்கத் தெரியாத ஆபரேட்டரிடம் இந்த வேலையைத் தரக்கூடாது.

எண் வரிசை மாறியிருந்தால் அங்கேயே சரிசெய்து படமெடுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். கிடைத்த வரிசையிலேயே படமெடுத்து, சரியான வரிசையை விவரத் தரவில், அதாவது சுவடியைப் பற்றிய பட்டியல் பதிவில், எழுதுங்கள். ஒருவேளை அது இரண்டு நூல்கள் கலந்த கட்டாக இருக்கலாம்; யாரோ ஒருவர் படித்த வரிசையாகவும் இருக்கலாம். நீங்கள் அடுக்கிவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

மை தடவாத ஓலையில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. உடனே கரி தடவிவிடுவது கூடாது; அது உடைமையாளரின் பொருளை மாற்றும் செயல், தனியாக எழுத்துமூலம் கேட்க வேண்டும். முதலில் விளக்கை ஓலைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வைத்துப் பாருங்கள். கீறலின் நிழலிலேயே எழுத்து எழும்பி வரும். எல்இடி விளக்குப் போதும். சூடேறும் ஹாலஜன் வேண்டாம். தைலம் பூசியிருந்தால், ஊறித் துடைத்து முழுக்க உலர்ந்த பிறகே படம். ஈரப் பளபளப்பு எழுத்தை விழுங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் ஓலையும் பழைய நாளிதழ்த் தாளும் மொறுமொறுவென்று உடையும். சுவடி வேலையை ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அரபுத்தமிழ் நூல்களில் வேறொரு வகைச் சிக்கல். எழுத்து அரபி, மொழி தமிழ். பட்டியலிடுபவர் எழுத்தைப் பார்த்து "அரபி" என்று பதிந்துவிட்டால், தமிழ் நூலைத் தேடும் எவருக்கும் அது கிடைக்கவே கிடைக்காது. பட்டியல் பதிவில் மொழி, எழுத்து என்று இரண்டு தனிப் புலங்கள் (கட்டங்கள்) வையுங்கள். தலைப்பை அரபி எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பதியுங்கள். ஏடு வலமிருந்து இடமாகப் புரளும் என்பதால், இடக்கோடியிலிருந்து தொடங்கும் ஆபரேட்டர் கடைசிப் பக்கத்துக்கு 0001 என்று எண் கொடுத்துவிடுவார். கையெழுத்துப் பிரதியானால் சரிபார்க்க எளிய வழி உண்டு. வலப்பக்கத்தின் அடி ஓரத்தில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தனியே எழுதிவைப்பது அந்த மரபில் வழக்கம். இடப்பக்கம் அந்தச் சொல்லோடு தொடங்காவிட்டால் நடுவில் ஏடு விழுந்திருக்கிறது என்று பொருள். மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டால் இந்தச் சோதனை விரைவாக முடியும். அவருடைய பெயரும் பங்களிப்பாளர் புலத்தில் இடம்பெறட்டும்.

படத்தின் தரம்

இங்கே பேச அதிகமில்லை. ஒருமுறை தீர்மானித்துவிட்டால் போதும். சாதாரணத் தாளுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), ஓலைக்கு 600, இரண்டும் 24 பிட் வண்ணம், சுருக்கப்படாத டிஃப் கோப்பு. பேரேட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மையில் குறித்த பாக்கி, ஊதா முத்திரை எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். வெளி நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தால், பக்கத்துக்கு இவ்வளவு என்ற விலையில் படத்தைச் சுருக்கிவிடும் ஜேபெக் கோப்பு மட்டும் தந்துவிட்டுப் போகும் அபாயம் உண்டு. டிஃப் தரவேண்டும், தானியங்கி வெட்டலும் வெளுப்பும் கூடாது என்று வேலை ஆணையிலேயே எழுதுங்கள். அந்த வெட்டலில் முதலில் பலியாவது ஓரக்குறிப்புதான். மொத்த ஆணைக்கு முன் 50 பக்கம் மாதிரி வாங்கிப் பாருங்கள்.

கோப்புப் பெயரில் நூல் தலைப்பை எழுதாதீர்கள். எண்கள் போதும்: 02_014_0127_0042 என்றால் இரண்டாம் கூட்டாளி, 14ஆம் பெட்டி, 127ஆம் உருப்படி, 42ஆம் படம். முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னால் போய் நிற்கும்.

ஊரும் ஆண்டும்

வட ஆற்காட்டுத் தொகுப்புகளில் மிகுந்த குழப்பம் இடப்பெயர் புலத்தில். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூரே. 1900ஆம் ஆண்டுக் கடிதத்தில் "வட ஆற்காடு கலெக்டர்" என்றிருந்தால் அது வேலூரிலிருந்து வந்தது என்று எழுதிவிடக் கூடாது. 1989இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம். எனவே ஆவணத்தில் உள்ளபடி ஒரு புலம், இன்றைய ஊர்-வட்டம்-மாவட்டம் இன்னொரு புலம். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதினால் ஆய்வாளர் வழிதவறுவார்.

தேதியிலும் இதே கதை. தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை, அட்சய வருஷம். 1866உம் 1926உம் அட்சயதான். தாள், மை, கையெழுத்து, உள்ளே வரும் பெயர்கள் ஆகியவற்றைப் பார்க்காமல் ஆங்கில ஆண்டாக மாற்றாதீர்கள். உறுதியில்லையென்றால் "அட்சய வருஷம், 1866 அல்லது 1926" என்று பதிவதே நேர்மை. நிலவரிக் கணக்குகளில் பசலி என்ற வருவாய் ஆண்டு இருக்கும்: பசலியோடு 590 கூட்டினால் அந்த ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். பசலி 1316 என்றால் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை. அரபி, உருது ஆவணங்களின் ஹிஜ்ரி சந்திர ஆண்டு; நிலையான எண்ணைக் கூட்டிக் கழித்துப் பெற முடியாது, மாற்று அட்டவணை வேண்டும். மூல வடிவம் எப்போதும் பதிவில் நிற்கட்டும்.

விவரங்களைத் தட்டச்சு செய்பவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால், டிஸ்பேஸ் என்ற மின்னூலக மென்பொருளில் ஏற்றியபின் எந்தத் தேடலிலும் அது சிக்காது. யூனிகோடு மட்டுமே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, றா, னா போன்றவை பழைய வடிவில் இருப்பதால் எழுத்துணரி மென்பொருள் தடுமாறும். அது தரும் பிழைப்பிரதியைத் தேடலுக்கு மட்டும் பின்னணியில் வையுங்கள். வாசகருக்கு மூலம் என்று காட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் திறந்துவிடுவது

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, பிறந்த தேதி, தந்தை தொழில் உண்டு. மிஷன் மருத்துவமனைக் குறிப்பில் நோய் உண்டு. தோல் தொழிற்சாலைக் கூலிப் புத்தகத்தில் யார் யாருக்குக் கடன்பட்டார் என்பது உண்டு. இவை இன்றும் இதே ஊரில் வாழும் குடும்பங்கள். திறந்தது, நூலகத்துக்குள் மட்டும் பார்க்கத்தக்கது, குறித்த ஆண்டுவரை மூடியது என்று மூன்று நிலை வைத்து, ஒவ்வோர் உருப்படிக்கும் எது என்பதைக் கூட்டாளியோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள்.

சேமிப்பும் திருப்பித் தருதலும்

ஏ4 பக்கம் ஒன்று 400 டிபிஐ வண்ணத்தில் சுமார் 46 எம்பி. 20,000 பக்கம் எடுத்தால் ஏறக்குறைய 930 ஜிபி. மூன்று படிக்கு 2.8 டிபி. கேசட்டை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் மாற்றினால் மணிக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல். திட்ட மதிப்பீட்டில் ஸ்கேனர் விலை மட்டும் போட்டு இதை விட்டுவிடுவதால்தான் ஒரே வன்தட்டு பீரோவில் கிடக்கும் நிலை வருகிறது. மூன்று படி, இரண்டு வகை ஊடகம், ஒரு படி வேறு ஊரில். எல்லாம் வேலூரிலேயே இருந்தால் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதற்குச் சமம்.

படமெடுத்த அன்றே, நகலெடுப்பதற்கு முன், ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரியும். பழுதான வன்தட்டிலிருந்து நகலெடுத்த பிறகு எடுக்கும் செக்சம், பழுதையே உறுதிப்படுத்தும்.

கூட்டாளிக்கு உரிய படியை வேலை முடிந்த வாரமே கொடுங்கள். டிஃப் தட்டை மட்டும் நீட்டினால் அவர் வீட்டுக் கணினியில் அது திறக்காமல் போகலாம். போனில் பார்க்கத்தக்க பிடிஎஃப் படியையும், விரும்பிக் கேட்டால் அச்சிட்டுக் கட்டிய ஒரு படியையும் சேர்த்துத் தாருங்கள். மூலப்பொருளைத் திருப்பும்போது, வாங்கிய அன்று எழுதிய பட்டியலை வைத்து ஓலை எண்ணிக்கை, ஏடு எண்ணிக்கை, கிழிசல் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். இரு தரப்பிலும் பொறுப்பாளரின் பதவியை ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள், ஆளின் பெயரை அல்ல. நூலகர் மாற்றலாகிப் போகலாம், ஜமாஅத் நிர்வாகம் தேர்தலில் மாறலாம். புதிதாக வருபவர் எந்த நாற்காலியைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.