புதிய சேதனக் கனியமா? வன்னியில் மாதிரி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைக்கன் படர்ந்த கருங்கல்லின் மேல் வெள்ளைப் படை, வௌவால் அடையும் பாறை ஒதுக்கில் மஞ்சள் பளிங்குகள். வன்னியில் சேதனக் கனியம் (ஒட்சலேற்று, யூரியா போன்ற சேதனச் சேர்வை இயற்கையில் படிந்து உருவாகும் கனியம்) தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. வவுனியாப் பக்கத்துப் பழைய பளிங்குருப் பாறையும் வடமேற்கே மன்னார், பூநகரிப் பக்கத்துச் சுண்ணக்கல்லும் இதற்கு ஏற்றவை. மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேருமுன்பே கெட்டுவிடுவதுதான் இங்கே வழமையான தோல்வி.

பொருளைப் பார்த்து இடத்தை மறப்பது முதல் தவறு. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பது அதிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகளால். கிழங்குக்குள் இருக்கும் ஊசி கனியம் ஆகாது. அதே சேர்வை பாறையில், புவிச்சரிதவியல் செயற்பாட்டின் பங்கோடு படியும்போதுதான் அது வேவெலைற்று என்ற கனியம். யூரியாவும் இப்படித்தான். மேற்கு அவுஸ்திரேலியாவில் வௌவால் எச்சத்தில் கிடைத்தது கனியம். வயல் வரம்பில் சிந்திய உரம் கரைந்து மீண்டும் பளிங்காகினால் அது கனியம் அல்ல. போர்க்காலச் சிதைவுகள், எரிந்த பிளாஸ்ரிக், வெடிமருந்து எச்சம் ஆகியவற்றின் மேல் வளர்ந்தவற்றையும் விட்டுவிடுங்கள். மனிதர் ஆக்கிய மூலத்திலிருந்து வந்த பொருள் ஏற்கப்படாது. யூரிக்கமிலத்தின் ஈர்நீரேற்றான (இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவான) தின்னுங்குலைற்று முதலில் ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் பகுதியில், எரிந்த நிலக்கரிக் கழிவுமேட்டில் வல்லூற்றின் எச்சத்திலிருந்து விவரிக்கப்பட்டது. கோலா தீபகற்பத்தில் இயற்கையான சூழலில் கிடைத்த பின்னரே அதற்குக் கனியம் என்ற தகுதி கிடைத்தது.

கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலம் என்பதை உறுதிசெய்யாமல் காட்டுப் பாறைகளுக்குப் போகவே வேண்டாம். சிவப்புப் பலகை காணவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று அல்ல. வௌவால் எச்சத்தைக் கிளறும்போது பூஞ்சை வித்திகள் நுரையீரலைத் தாக்கும். என்95 முகக்கவசம் கட்டாயம்.

அடுத்தது நீரும் வெப்பமும். மாதிரியைக் கழுவுவதைப்போல் கெடுதல் வேறில்லை. யூரியாவும் அமோனியச் சேர்வைகளும் தண்ணீரில் கரைந்து போகும். மாரி மழைக்குப் பிறகு திறந்த பாறையில் அவற்றைத் தேடுவதிலும் பயனில்லை. ஆவணி, புரட்டாதியில், மழை படாத பாறை ஒதுக்கின் உட்புறத்தைப் பாருங்கள். மண் ஆய்வுப் பழக்கத்தில் 105 பாகை செல்சியஸ் சூளையில் உலர்த்துவோர் பலர். கல்சியம் ஒட்சலேற்று ஈர்நீரேற்றான வெடெலைற்று அந்த வெப்பத்தில் நீரை இழக்கும், பாறையில் இருந்தது எது என்பதே தெரியாமல் போகும். வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டுவைப்பதும் சிலிக்கா ஜெல் போட்டு அடைப்பதும் அதே வகைத் தவறு. எடுக்குமுன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அடிப்பாறையோடு சேர்த்துப் பெயர்த்து, திருகுமூடிக் கண்ணாடிக் குப்பியில் நிழலில் கொண்டுவாருங்கள். பிளாஸ்ரிக் பையும் பசையும் சேதன மாசை ஏற்றிவிடும். பாதியை யாரும் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

அமிலச் சோதனையை அரைகுறையாக நம்ப வேண்டாம். ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒட்சலேற்று நுரைக்காது. சுண்ணக்கல்லின் மேல் படிந்திருந்தால் அடியிலுள்ள கல்சைற்று நுரைத்து ஏமாற்றும். பிரித்தெடுத்த சில மணிகளை 550 பாகை வரை சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் அமிலம் விடுங்கள். முன்பு நுரைக்காதது இப்போது நுரைத்தால் ஒட்சலேற்று காபனேற்றாக மாறியிருக்கிறது. சூடாக்கிக்கொண்டே எடை இழப்பை அளக்கும் வெப்பத் திணிவுப் பகுப்புக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும். வேவெலைற்று முதலில் நீராக 12.3 வீதம், அடுத்து காபனோரொட்சைட்டாக 19.2 வீதம், இறுதியில் காபனீரொட்சைட்டாக 30.1 வீதம் இழக்கும். முதல் இழப்பு 22 வீதத்தை எட்டினால் அது ஈர்நீரேற்றான வெடெலைற்று.

இலத்திரன் நுணுக்குக்காட்டியின் மூலகப் பகுப்பு வரைபில் காபன் உச்சியைக் கண்டு மகிழ்வது மிகச் சாதாரணமான தவறு. அந்தக் காபன் மாதிரியின் மேல் பூசிய காபன் படையாகவும் இருக்கலாம். கருவியின் வெற்றிடம் நீரை இழுக்கும், இலத்திரன் கற்றை பளிங்கைச் சிதைக்கும். மின்னோட்டத்தைக் குறைத்து, கற்றையை 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரை விரித்து அளவிடுங்கள். ஐதரசனை இக்கருவி காட்டாது. காபன், ஐதரசன், நைதரசன் மூன்றுக்கும் தனிப் பகுப்பாய்வு தேவை. லேசர் ஒளியின் சிதறலால் சேர்வையை அறியும் இராமன் நிறமாலையில் லேசர் வலுவை 1 மில்லிவாற்றுக்குக் கீழே தொடங்குங்கள். கூட்டினால் மாதிரி கருகி, காபனின் அகன்ற பட்டைகளே மிஞ்சும்.

பளிங்கின் அணு அடுக்குகளின் இடைவெளியைக் கோடுகளாகக் காட்டும் எக்ஸ் கதிர்க் கோணலில் ஒரே ஒரு கோட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வேவெலைற்றின் வலுவான கோடுகள் 5.93, 3.65, 2.97 அங்ஸ்ட்ரொம்; வெடெலைற்றுக்கு 6.18, 4.42, 2.78. தரவுத்தளத்தில் பொருந்தவில்லை என்பதாலும் புதியது ஆகிவிடாது. இரண்டு கனியங்களின் கலப்பு, பகுதி நீரிழந்த பொருள், பாறையிலிருந்து ஒட்டிய குவாட்சு ஆகிய ஐயங்களை முதலில் நீக்குங்கள். கடைசித் தீர்ப்பு தனிப் பளிங்கில்தான், அதற்கு 0.05 மில்லிமீற்றர் மணியும் போதும். கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பது எவ்வளவு பிழைக்கும் என்பதற்கு இலங்கையே சான்று: பழுப்பு ஒலிவின் என்று விற்கப்பட்ட கல், எக்ஸ் கதிர் ஆய்வின் பின் 1952 இல் சிங்ஹலைற்று என்ற வேறு கனியமாக அறிவிக்கப்பட்டது.

பெயரை முந்திக்கொண்டு அறிவிக்காதீர்கள். சர்வதேசக் கனியவியல் சங்கத்தின் ஆணைக்குழு முன்மொழிவை ஏற்ற பிறகே புதிய பெயர் செல்லும். தன் பெயரைத் தானே வைக்க முடியாது. உயிரோடிருப்பவர் பெயரானால் அவர் சம்மதம் வேண்டும். மூலமாதிரி (புதிய கனியத்தை விவரிக்கப் பயன்பட்ட மாதிரி) ஒரு பொது அருங்காட்சியகச் சேகரிப்பில் ஒப்படைக்கப்பட வேண்டும், ஆகவே கடைசி மணியையும் அரைத்துத் தீர்த்தால் வேலை அத்தோடு நின்றுவிடும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியையும், ஒதுக்குக் காடாக இருந்தால் வனத் திணைக்களத்தின் எழுத்து அனுமதியையும் மாதிரி எடுக்கப் போகுமுன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.