காயவைத்த மூலிகை எத்தனை நாள் வரும், எப்படி வைப்பது

பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூவைச் சேர்த்துக் காயவைத்தால் அடுத்த வருஷம் பூ வரும்வரை ரசத்துக்கும் பச்சடிக்கும் வர வேண்டும். ஆனால் பல வீடுகளில் ஐப்பசி மழை பிடித்ததுமே அது நமுத்துப் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் அப்படித்தான் ஒரு பாட்டில் முழுக்கப் போனது. அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தோம், குழம்பு கொதிக்கிற ஆவியெல்லாம் நேரே அங்கேதான் போகும், மூடி இறுக்கமாக இருந்தும் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறியிருக்கிறது. இப்போது அடுப்பிலிருந்து தள்ளி, கதவு போட்ட கீழ்த்தட்டில் வைக்கிறோம். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், தேவையானதைக் காய்ந்த ஸ்பூனில் எடுத்துப் போட்டால் போதும்.

வைப்பதற்கு முன் சரியாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாதி வேலை. துளசி, புதினா, முருங்கை, முள் எடுத்த தூதுவளை எல்லாவற்றையும் நிழலில், காற்றாடும் இடத்தில், துணியில் பரப்பிக் காயவையுங்கள். நேர் வெயிலில் இலை வெளுத்து மணமும் போய்விடும். இலை நொறுங்கினால் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம், ஆனால் கடைசியில் காய்வது காம்பும் நடுநரம்பும்தான். காம்பை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் சூடு இல்லாமல் ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, நாலைந்து நாள் கவனியுங்கள். உள்பக்கம் லேசாக வியர்த்தால் உடனே வெளியே கொட்டி மறுபடி காயவைக்க வேண்டும். கற்பூரவல்லி சதைப்பற்றான இலை, அதைக் காயவைத்து மெனக்கெட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம், தொட்டியில் வைத்துப் பச்சையாகப் பறிப்பதே நல்லது.

முழு இலையும் பூவும் நன்றாக வைத்தால் ஒரு வருஷம் மணம் குறையாமல் வரும். சுக்கு, அதிமதுரம், திப்பிலி, கடுக்காய் போன்றவை முழுசாக இருந்தால் 2, 3 வருஷம் தாங்கும். பொடிக்குத்தான் ஆயுள் குறைவு. அரைத்தவுடனே உள்ளே இருக்கிற எண்ணெய் காற்றில் பறக்கத் தொடங்கிவிடும். சித்த மருத்துவ மரபில் சூரணத்துக்கு, அதாவது மருந்துப் பொடிக்கு, 3 மாதம்தான் கணக்கு, குடிநீர் என்கிற கஷாயத்துக்கு ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். வீட்டுப் பொடிக்கும் அந்த 3 மாதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். கிலோ கணக்கில் அரைத்து வைக்காமல் முழுசாக வைத்துவிட்டு, அவ்வப்போது 50 கிராம் அரைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் காயவைத்த மாதத்தை எழுதி ஒட்டிவிட வேண்டும், ஆறு மாதம் கழித்துப் புதினா எது, துளசி எது என்பதே மறந்துபோகும்.

தேதி எழுத மறந்திருந்தால் மூக்கை நம்பலாம். இரண்டு இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகருங்கள். மணம் மேலே ஏறி வந்தால் நல்லது, வைக்கோல் வாசனை வந்தால் சத்து போய்விட்டது, கெடுதல் இல்லை, பயனும் இல்லை. பூசண வாடையோ, வெள்ளையாக நூல் போலவோ கண்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மறுபடி வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் பூஞ்சை விட்ட நஞ்சு போகாது.

சுக்கில் வண்டு விழுவதைக் கண்டுபிடிக்க வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். குண்டூசித் துளையும் மாவு மாதிரித் தூளும் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வாங்கிய சுக்கு, திப்பிலியைக் காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் செத்துவிடும். ஆனால் வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், பை முழுசாகக் குளிர் விட்ட பிறகு திறங்கள், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் அப்படியே அதன்மேல் படியும்.

மணம் போன வேப்பிலை, நொச்சி, துளசியைப் பூசணம் இல்லாவிட்டால் தூக்கி எறிய வேண்டாம், சாயங்காலம் சாம்பிராணித் தணலில் ஒரு பிடி போடுங்கள், கொசுவுக்கு ஆகும்.