துண்டு துண்டாக வரும் வீடியோவை ஷெல் ஸ்கிரிப்டில் இறக்கி ஒட்டுவது

சேலத்து ஆடிப் பண்டிகையை நேரலையில் விட்டாயிற்று. ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு அதைத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் மலைச் சிக்னலை நம்ப வேண்டாம். கீழேயே ஒரே ஃபைலாக இறக்கிப் பென்டிரைவில் கொடுத்தனுப்புங்கள். உங்கள் சொந்த வீடியோ, அல்லது அனுமதி வாங்கிய வீடியோ மட்டும்.

நேரலையை இணையத்தில் துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் வீடியோ பெரும்பாலும் 6 நொடித் துண்டுகளாக இருக்கும். 90 நிமிடத்துக்கு 900 துண்டு. அவற்றின் வரிசை எம்3யூ8 என்ற எழுத்து ஃபைலில், ஒரு பட்டியலாக இருக்கிறது. முதலில் அதைத் திறந்து படியுங்கள். உள்ளே வேறு எம்3யூ8 பெயர்கள் இருந்தால் அது தலைப்பட்டியல். வேண்டிய தரத்தின் பட்டியலை எடுங்கள். கடைசியில் எண்ட்லிஸ்ட் வரி இல்லையென்றால் ஒளிபரப்பு முடியவில்லை. ஏஇஎஸ் கீ வரி இருந்தால் துண்டுகள் பூட்டப்பட்டவை. ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் கேட் கட்டளையால் ஒட்டிப் பயனில்லை, பட்டியலையே எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியிடம் கொடுங்கள். சாவி கிடைக்கிற இடமாக இருந்தால் அதுவே எடுத்துத் திறந்துகொள்ளும்.

பட்டியலை வரி வரியாகப் படித்துத் துண்டுகளை இறக்க, ஸ்கிரிப்டில் ஒரு வைல் லூப் போதும். ஹேஷில் (#) தொடங்கும் வரிகளைத் தள்ளுங்கள். வரிக் கடைசியில் விண்டோஸ் விட்டுப்போகும் சிஆர் எழுத்தை டிஆர் கட்டளையால் நீக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு எழுத்தால் எல்லா முகவரியும் தப்பாகிவிடும். துண்டுகளுக்கு 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் பெயர் வையுங்கள். வெறும் 1, 2 என்று வைத்தால் ஒட்டும்போது 2க்கு முன்னால் 10 வந்து நிற்கும். இறக்கித் தரும் கர்ல் கட்டளைக்கு ஃபெயில், ரீட்ரை 5 என்ற இரண்டு ஆப்ஷனும் கட்டாயம். ஃபெயில் இல்லாவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும் 404 பிழைப் பக்கமும் ஒரு துண்டாகச் சேமிக்கப்படும்.

ஒட்டுவதற்கு முன் சரிபார்ப்பதுதான் முக்கியமான வேலை. துண்டுகள் டிஎஸ் என்ற வீடியோ வடிவில் இருந்தால், நல்ல துண்டின் முதல் பைட் 47 ஹெக்ஸ், அதாவது ஆங்கில ஜி எழுத்து. ஹெட் கட்டளையில் ஒரு பைட் எடுத்தால் தெரிந்துவிடும். பிழைப் பக்கம் என்றால் கோண அடைப்புக்குறி வரும். ஃபைல் அளவு 188ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், டிஎஸ் பாக்கெட்டின் அளவு அது. மீதி வந்தால் துண்டு பாதியில் அறுந்திருக்கிறது, அதை மட்டும் மறுபடி இறக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கேட் போட்டு ஒரே டிஎஸ் ஆக்கி, எஃப்எஃப்எம்பெக்கில் மைனஸ் சி காப்பி (-c copy) கொடுத்து எம்பி4 ஆக மாற்றுங்கள். மறுபடி என்கோட் ஆகாததால் தரம் குறையாது, நேரமும் பிடிக்காது. டிஸ்கில் வீடியோவைப் போல மூன்று மடங்கு இடம் வேண்டும். பட்டியலில் டிஸ்கன்டின்யூட்டி வரி இருந்தால் அந்த இடத்தில் நேரக்கணக்கு தாவும். அங்கே பிரித்து, தனித்தனி எம்பி4 ஆக்கி, பிறகு எஃப்எஃப்எம்பெக்கின் கான்கேட் முறையில் சேருங்கள்.

ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபி ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், பழைய டிவி அதைப் படிக்காவிட்டால் வீடியோவை இரண்டாக வெட்டிக் கொடுங்கள்.