ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கொள்முதலும் கையிருப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் உள்ள சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றில் சரக்குப் பதிவேடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் ‘குளுக்கோஸ் 3 பெட்டி, கிரியாட்டினின் 2 பெட்டி’ என்று எழுதியும் இருக்கும். ஆனால் இன்றுள்ள சரக்கைக் கொண்டு இன்னும் எத்தனை நோயாளிகளுக்கு அறிக்கை தர முடியும் என்று கேட்டால், அந்தப் பதிவேட்டில் பதில் கிடைக்காது. வடசென்னையில் ஓர் ஆய்வகத்தின் கொள்முதலைக் கவனித்துவருபவன் என்ற முறையில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை, என் தவறுகளும் உட்பட, இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் விளைந்தவை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சோதனை எண்ணிக்கையை அப்படியே நம்புவது முதல் தவறு. தைராய்டுக்கான எலிசா கிட் (தட்டிலுள்ள சிறு குழிகளில் மாதிரியை இட்டு நிறமாற்றத்தை அளக்கும் சோதனைப் பெட்டி) ஒன்றில் 96 குழிகள் இருக்கின்றன. அளவு தெரிந்த ஒப்பீட்டுத் திரவங்களான ஆறு ஸ்டாண்டர்டுகளையும், சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் இரண்டு கண்ட்ரோல்களையும் இரட்டையாகப் போட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் 16 குழிகள் அவற்றுக்கே போய்விடும். தட்டு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் பெரிய ஆய்வகம், நோயாளிக்கு ஒரு குழி என்ற கணக்கில் 80 அறிக்கைகள் தந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டு மாதிரிகள் மட்டுமே வரும் ஆய்வகம் அதே தட்டை 24 குழிகளாக நான்கு முறை பிரித்து ஓட்டினால், கிடைப்பவை 32 அறிக்கைகள்தான். அதாவது, ஓர் அறிக்கையின் அடக்கவிலை இரண்டரை மடங்காகிவிடுகிறது. எதிரே உள்ள ஆய்வகத்தின் விலைப்பட்டியலைப் பார்த்து நாமும் அதே கட்டணத்தை எழுதி ஒட்டிவிட்டு, மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று தேடுவது இதனால்தான். தானியங்கிக் கருவியிலும் புட்டியின் அடியில் தங்கும் ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதித்திரவம்), தினசரி கண்ட்ரோல், மறுசோதனை ஆகியவற்றைக் கழித்த பிறகே உண்மையான எண்ணிக்கை தெரியும்.

அந்த எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால், எப்போது ஆர்டர் போடுவது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 20 கிரியாட்டினின் அறிக்கைகள், கண்ட்ரோலும் மறுசோதனையுமாக இன்னொரு நான்கு என்று வைத்துக்கொள்வோம். டீலரிடமிருந்து சரக்கு வந்துசேர ஐந்து நாளும், அதற்கு மேல் பாதுகாப்பாக மூன்று நாளும் சேர்த்தால், 24 பெருக்கல் 8, அதாவது 192 சோதனைகளுக்குக் கீழே கையிருப்பு இறங்கும் அன்றே ஆர்டர் போய்விட வேண்டும். புட்டி காலியாகும்போது போடும் ஆர்டரை ஆர்டர் என்று சொல்வதைவிடக் கெஞ்சல் என்று சொல்லலாம்.

அந்த மூன்று நாளை ஆண்டு முழுவதும் மூன்றாகவே வைத்திருப்பது நம் பகுதியில் பெரும் தவறு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பல இடங்களில் மின்சாரமும் இல்லை. டீலரிடம் சரக்கு இருந்தாலும், சுரங்கப்பாதைகள் நிரம்பிக் கிடக்கும்போது வண்டி எப்படி வரும்? அதே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் டெங்கு சோதனை கேட்டு வருவோரின் கூட்டமும் கூடுகிறது. எனவே அக்டோபர் பிறப்பதற்குள் டெங்கு கார்டுகள், ரத்த அணு எண்ணும் கருவிக்கான டைலூயன்ட் (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் திரவம்), அந்த எண்ணிக்கைக்கு ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாய்கள் ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு நாள்களை இரட்டிப்பாக்கிவிடுவது நல்லது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் டைலூயன்ட் கேன்களைத் தரையில் அடுக்காமல் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைக்க வேண்டும். கனமாயிற்றே என்று தரையில் விட்டவர்கள் பின்னர் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

காலாவதித் தேதியைப் பற்றிய தவறு சற்று நுட்பமானது. பெட்டியில் அச்சிட்ட தேதி திறக்காத புட்டிக்கு மட்டுமே பொருந்தும். திறந்த பிறகு, கருவிக்குள் ஏற்றிய பிறகு, எத்தனை நாள் தாங்கும் என்பதை உள்ளே வைத்திருக்கும் துண்டுத்தாள்தான் சொல்லும். அதைப் படிக்காமல் பெட்டியோடு குப்பையில் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. திறந்த தேதியையும் திறந்தவரின் கையெழுத்தையும் புட்டியின் மேலேயே எழுத வேண்டும். மூடியில் எழுதினால் மூடி இடம் மாறிவிடும். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகளின் புட்டியைத் திறந்தபடி மேசைமேல் விட்டால், கடற்கரையை ஒட்டிய இந்தக் காற்றின் ஈரம் பட்டைகளைக் கெடுத்துவிடும்; கிருமித்தொற்று இல்லாதவருக்கும் பட்டையில் தொற்றைக் காட்டும் நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பாகி, தேவையற்ற ஆன்டிபயாடிக் எழுதப்படலாம்.

குழாய்களை வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்து அவற்றின் தேதியைப் பார்க்காதவர்கள் இன்னும் அதிகம். ரத்தம் உறையும் நேரத்தை அளப்பதற்கான, வெளிர்நீல மூடியுள்ள சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) என்ற விகிதம் காக்கப்பட வேண்டும். தேதி கடந்த குழாயில் வெற்றிடம் தளர்ந்து ரத்தம் குறைவாக ஏறுவதால், சிட்ரேட் மிகுந்து, ரத்தம் உறையும் நேரம் உண்மையில் இருப்பதைவிட நீண்டு தெரியும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு அந்த எண்ணைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைத்தால், விளைவு விபரீதமாகலாம். சில ரூபாய்க் குழாய்தானே என்று இதை ஒதுக்க முடியாது.

குளிர் விஷயத்தில், சூடாகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது; உறைந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கே இருக்கிறது. 2 முதல் 8 டிகிரி வரை என்று அச்சிட்டிருந்தால், கீழ் எல்லைக்கும் அதே மதிப்பு உண்டு. அழற்சி, முடக்குவாதம் போன்றவற்றை அறிய உதவும் சிஆர்பி, ஆர்ஏ, ஏஎஸ்ஓ சோதனைகளுக்கான லேட்டெக்ஸ் திரவம் (நுண்துகள்கள் மிதக்கும் திரவம்) ஒருமுறை உறைந்தால் துகள்கள் தாமாகவே திரண்டுகொள்ளும். அதன்பின் யார் ரத்தத்தைப் போட்டாலும் விடையை நம்ப முடியாது. வீட்டு உபயோகக் குளிர்பதனப் பெட்டியில் உறைகலனை ஒட்டியும் பின்சுவரை ஒட்டியும் இவற்றை வைக்கக் கூடாது. சரக்கு வரும்போது ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டிக்கொண்டிருந்தாலும் வாங்கக் கூடாது. கத்திரி வெயிலில் இருசக்கர வண்டியில் வந்த பெட்டியை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போக அனுமதிப்பதும் இதற்கு இணையான தவறே. பெட்டியைத் திறந்து, உள்வெப்பத்தைப் பார்த்து, லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) காலாவதியையும் இன்வாய்ஸோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த லாட் எண் தணிக்கைக்காக மட்டும் எழுதிவைப்பதன்று. ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல் தரும் அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 15189 தரநிலை, புதிய லாட்டைச் சரிபார்த்த பின்னரே பயன்படுத்தச் சொல்கிறது. அங்கீகாரம் பெறாத கூடத்துக்கும் இது அவசியமே. பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் அதே நோயாளிகளின் சில மாதிரிகளை ஓட்டிப் பார்த்தால் போதும். பழைய புட்டி தீர்ந்த பிறகு புதியதை வாங்கினால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே ஆர்டர் போடும் நாளே இந்தச் சோதனையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கண்ட்ரோல் வாங்கும்போது ஓராண்டுக்கு ஒரே லாட்டை ஒதுக்கிவைத்து, தவணை தவணையாகத் தரும்படி டீலரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இல்லாவிட்டால் லாட் மாறும்போதெல்லாம் புதிய கண்ட்ரோலின் சராசரியைக் கணிக்க ஏறத்தாழ இருபது அளவீடுகளைச் சேர்க்க வேண்டிவரும்.

‘பத்து எடுத்தால் இரண்டு இலவசம்’ என்ற சலுகையில் நானே விழுந்திருக்கிறேன். மாதம் ஒரு கிட் தீரும் சோதனைக்கு, காலாவதிக்கு ஏழு மாதமே இருந்த பன்னிரண்டு கிட்டுகள் வந்தன. பத்துக்குப் பணம் கட்டி ஏழைப் பயன்படுத்தினோம். மீதி ஐந்தும் கழிவானது. கருவியை இலவசமாக வைத்துவிட்டு மாதாமாதம் இவ்வளவு ரீஏஜென்ட் எடுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

பக்கத்துக் கூடத்தில் கைமாற்று வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் உதவித்தான் தொழில் நடக்கிறது. ஆனால் கைமாற்றாக வந்த கிட்டின் லாட் எண்ணும் அது அங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்ற விவரமும் பதிவேட்டில் ஏற வேண்டும்; திருப்பிக் கொடுத்ததும் ஏற வேண்டும். இல்லையேல் கையிருப்புக் கணக்கு ஒருபோதும் பொருந்தாது.

எல்லாக் கணக்கையும் மூத்த டெக்னீஷியன் ஒருவரே மனத்தில் வைத்திருப்பதன் ஆபத்து பொங்கலின்போது வெளிப்படும். அவர் போகிக்கு முந்தைய இரவே ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார். காணும் பொங்கல் முடியும்வரை டீலர் கடையும் திறக்காது. ஆகவே ஜனவரி முதல் வாரத்திலேயே இன்னொருவர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, புட்டி புட்டியாக எண்ணி, ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே எத்தனை அறிக்கைகள், எத்தனை நாள்கள் என்று எழுதிவைக்க வேண்டும். ஆர்டரை அந்தத் தாளைப் பார்த்தே போட வேண்டும்.