மலிவு ஃபில்டர் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

லென்ஸ் வாங்கிய கையோடு அதன் முன்னால் ஒரு யூவி ஃபில்டரையும், அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியையும், மாட்டிவிடுவது பலருக்கும் பழக்கம். நானும் மாட்டினேன், இருந்ததிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து. ஒருநாள் இரவில் தெருவிளக்குகளைப் படமெடுத்தால், ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் பச்சையாக இன்னொரு விளக்கு தலைகீழாகத் தொங்கியது. லென்ஸில்தான் கோளாறு என்று பயந்துபோனேன். ஃபில்டரைக் கழற்றியதும் போய்விட்டது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். விளக்கொளி சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் முதுகில் மோதி மறுபடி உள்ளே வரும்போதுதான் இந்தப் பேய் விளக்கு முளைக்கிறது. அதனால் பூச்சில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபில்டரைச் சற்றே சாய்த்து, அதில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலாக, பச்சையோ ஊதாவோ கலந்து தெரிந்தால் நல்லது. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. யூவி ஃபில்டர் இன்று கீறல் விழாமல் காக்கத்தான்.

மிச்சம் பிடிக்கத் தோதான இடம் அளவு. லென்ஸுக்கு ஒன்றாக வாங்காமல், இருப்பதிலேயே பெரிய லென்ஸுக்கு, உதாரணமாக 77 மி.மீ.யில், ஒரே ஒரு நல்ல ஃபில்டர் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் ரிங் போதும். (பக்கவாட்டு ஒளியை மறைக்கும் ஹுட் மாட்ட முடியாமல் போகலாம், அது ஒன்றுதான் தொல்லை.) 50 மி.மீ. லென்ஸ் என்பதால் 50 மி.மீ. ஃபில்டர் கேட்காதீர்கள். அது குவியத் தூரம். குறுக்கே கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் ஃபில்டர் அளவு.

அப்புறம், திருகித் திருகி இருட்டாக்கும் வேரியபிள் என்.டி. (உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று தோன்றும். வைடு லென்ஸில் மாட்டிக் கடைசிவரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். அருவி, கடலலை எடுக்க ஒளியை 6 ஸ்டாப், அதாவது 64-ல் ஒரு பங்காக, குறைக்கும் சாதாரண என்.டி.64 எவ்வளவோ மேல். மலிவான என்.டி.யில் நிறமும் ஏறும். வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

நீர், கண்ணாடி போன்றவற்றின் பளபளப்பைக் குறைக்கும் சி.பி.எல். (போலரைசர்) ஃபில்டர் வாங்கினால் மடிக்கணினியின் எல்.சி.டி. திரைக்கு முன்னால் பிடித்து, லென்ஸில் திருகும் பக்கம் கண்ணைப் பார்க்க, மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரை இருண்டுபோக வேண்டும். இருளவே இல்லையென்றால் கையில் இருப்பது வெறும் சாம்பல் கண்ணாடி.