இலவசத் துணியகத்தில் வேலை பார்க்க வருகிறீர்களா? மூட்டையைப் பிரிப்பதிலிருந்து தொடங்குங்கள்

பழைய துணிகளைச் சேகரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் காசில்லாமல் கொடுக்கிற இடங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. ஈரானின் மஷாத் நகரில் 2015-ல் தொடங்கிய ‘கருணைச் சுவர்’ யோசனை நம்மூருக்கும் வந்தது: வேண்டாத துணியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போகலாம், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். 2017-ல் திருநெல்வேலி கலெக்டராக இருந்த சந்தீப் நந்தூரி பாளையங்கோட்டையில் ‘அன்புச் சுவர்’ தொடங்கினார். சுவரோ அலமாரியோ வாடகை அறையோ, எதுவானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்காக அந்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

நீங்கள் வந்த முதல் நாளே யாராவது வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள், “ஒரு நிமிஷம் சார், பிரிச்சுப் பார்த்துடலாம்” என்று சொல்லப் பழகுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்து வீணானது. கிழிசலும் அழுக்குமாக, மீனவக் குடும்பங்கள் உடுத்தவே முடியாத துணிகள் அதில் நிறைய. கொடுப்பவரிடம் வாசலிலேயே மறுத்துச் சொல்லாவிட்டால் அந்தக் குப்பையை அள்ளும் வேலை நம் தலையில் விழும்.

உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஈரத் துணி, சாயம் ஒட்டியது, தலையணை, மெத்தை எதுவும் வேண்டாம். போகிக்கு முந்தைய வாரம் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். நாம் வாங்காவிட்டால் நெருப்பில் போகும்.

படி 2: மூட்டையைத் தனியே வையுங்கள்

வந்த மூட்டையை உடனே அலமாரியில் அடுக்காதீர்கள். சிரங்கை உண்டாக்கும் பூச்சி மனித உடம்பைவிட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாங்காது. அதனால் பையை இறுகக் கட்டி ஒரு வாரம் தனியே வைப்பது நல்லது. மூட்டைப்பூச்சி அப்படிச் சாகாது. தையல் மடிப்புகளில் கரும்புள்ளி தெரிகிறதா என்று பார்த்து, சந்தேகமானால் முழு மூட்டையையும் வெளியே அனுப்புங்கள்.

படி 3: தரம் பிரித்தல்

உண்மையான வேலை இதுதான். வருகிற பலர் ‘துணி கொடுக்கிற’ இடத்தில் நிற்க ஆசைப்படுவார்கள். நீங்கள் முதல் மாதம் பிரிக்கிற மேசையில் உட்காருங்கள். முகக்கவசம், கத்தரிக்கோல், இஞ்ச் டேப், ஒரு டப்பாவில் ஊசி நூல் பட்டன் இருந்தால் போதும்.

கையை நேராக மூட்டைக்குள் விடாதீர்கள், புடவையில் ஊக்கு இருக்கும். பேன்ட், சட்டைப் பைகளைத் துழாவிப் பாருங்கள். பணம், மோதிரம், ஏ.டி.எம். அட்டை என்று எதுவும் கிடைக்கும். கிடைத்ததைப் பதிவேட்டில் எழுதி, கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள்.

சட்டை என்றால் காலர் மடிப்பு, அக்குள், கைமுனை. பேன்ட் என்றால் ஜிப், தொடை இடுக்குத் தையல், இடுப்புக் கொக்கி. குழந்தைத் துணியில் எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், செத்துப்போயிருக்கும். மாற்றிவிடலாம், பத்து நிமிட வேலை. புடவையை மட்டும் தனி ஆளாகப் பார்க்க முடியாது. இரண்டு பேர் முனைக்கு முனை பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினால்தான் கொசுவம் நைந்திருப்பதும், தோளில் பின் குத்திய கிழிசலும், குதிகால் உரசிய கீழ்க்கரையும் தெரியும்.

‘இதை நான் கல்யாண வீட்டுக்கு உடுத்திப் போவேனா’ என்று சிலர் அளவுகோல் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் அதிகம். கைலியையும் நைட்டியையும் யாரும் கல்யாணத்துக்கு உடுத்துவதில்லை, ஆனால் இங்கே முதலில் தீருவது அவைதான். ‘பக்கத்துக் கடைக்குப் போட்டுக்கொண்டு போவேனா’ என்று கேட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

நைந்துபோன பருத்திப் புடவையை மட்டும் கழித்துவிடாதீர்கள். தொட்டில் கட்டவும், பிறந்த குழந்தையைச் சுற்றவும் அதைத் தேடி வருவார்கள். அது நமக்கு வருவதோ குறைவு. பிள்ளைபெற்ற வீடுகளில் யாரும் லேசில் கொடுக்க மாட்டார்கள். ஜரிகைப் புடவையும் அப்படித்தான், பாத்திரக்காரரிடம் போய்விடும். நமக்கு வந்து குவிவது கல் பதித்த ரிசப்ஷன் புடவையும் கோட்டும்.

படி 4: துவைத்து உலர்த்துதல்

துவைத்தேன் என்று கொடுத்தவர் சொன்னாலும் ஒருமுறை அலசி வெயிலில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முக்கல் வாடை அடிக்கும். அந்த மாதங்களில் வாங்குவதையே குறைத்துக்கொள்ளலாம்.

அந்துருண்டை விஷயத்தில் கவனம். பெரியவர்கள் துணிக்குப் போடுங்கள், கைக்குழந்தைத் துணிக்கு வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். அந்தக் குறைபாடு எந்தக் குழந்தைக்கு இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது. காய்ந்த வேப்பிலை போதும்.

படி 5: அளவு எழுதி அடுக்குதல்

உடையில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேன்ட்டுக்கு இடுப்பு இஞ்சு அளந்து துண்டுச்சீட்டு ஒட்டுங்கள். குழந்தை உடைக்கு வயதைவிட உயரம்தான் கணக்கு. தைத்த ஜாக்கெட் இன்னொருவருக்குச் சேருவது அபூர்வம், பிரித்துத் தைக்க உள்தையலில் துணி விட்டிருந்தால் மட்டும் வையுங்கள்.

பள்ளிச் சீருடை வந்தால் ஒதுக்கி வையுங்கள். சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த 1 முதல் 8-ம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு அரசே நான்கு செட் தருகிறது. 9-ம் வகுப்புக்கு மேல்தான் பெற்றோர் திண்டாடுகிறார்கள். ஜூன் மாதம் கேட்டு வருவார்கள்.

படி 6: வருகிறவரிடம்

ஹேங்கரில் மாட்டுங்கள், ஒரு கண்ணாடி வையுங்கள். திரை போட்ட ஒரு மூலை இருந்தால் போட்டும் பார்க்கலாம். “வாங்கம்மா, பிடிச்சதை எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எதற்கு, யாருக்கு, வீட்டில் என்ன வருமானம் என்ற விசாரணை வேண்டாம். போட்டோ எடுக்கவே கூடாது. நன்கொடையாளர் கேட்டால் அடுக்கிய அலமாரியை எடுத்து அனுப்புங்கள்.

சும்மா வாங்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. பழந்துணி சேகரித்துக் கிராமங்களுக்கு அனுப்பும் கூஞ்ச் அமைப்பு, அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கியது, இதற்கு வழி கண்டது. கிராமத்தினர் தங்கள் ஊர்க் குளத்தையோ பாதையையோ சேர்ந்து சீர்செய்கிறார்கள், துணி அதற்கான கூலியாகப் போய்ச் சேருகிறது. அத்தனை பெரிதாக நம்மால் முடியாது. ஆனால் “கொஞ்ச நேரம் மடிச்சுத் தர்றீங்களா அக்கா?” என்று கேட்கலாம். இஷ்டமிருந்தால் உட்காருவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இறந்தவர் துணி நிறைய வரும். காரியம் முடிந்த கையோடு கொண்டுவருவார்கள், பெரும்பாலும் நல்ல துணியாகவே இருக்கும். அதை நாமாகச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சிலர் அதைத் தொட மாட்டார்கள், அது அவர்கள் நம்பிக்கை.

எடுத்துப்போய் விற்கிறார்கள் என்ற புகார் கண்டிப்பாக வரும். ஒருவருக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதிவிட்டால் போதும். சாலையோரம் சாக்கு விரித்துப் பழந்துணி விற்கிறவரிடம் போய்ச் சண்டைபோட எனக்கு மனசில்லை.

படி 7: மிச்சம்

பருத்திக் கழிவு மெக்கானிக் கடைக்கும் லேத் பட்டறைக்கும் எண்ணெய் துடைக்கப் போகும், எடை போட்டு வாங்குவார்கள். பட்டன், ஜிப், கொக்கியை வெட்டி எடுத்துக்கொண்டு கொடுங்கள், அவை படி 3-க்குத் தேவைப்படும். வருகிற காசை சோப்பு, நூல், எலாஸ்டிக் கணக்கில் எழுதுங்கள். நைலான், பாலியெஸ்டர் துண்டுகளை அந்த மூட்டையில் கலக்காதீர்கள். அவை எண்ணெயைச் சரியாகத் துடைக்காது, அடுத்த முறை நம் மூட்டையையே வேண்டாம் என்றுவிடுவார்கள்.